கிள்ளானில் ஒரு சந்தேக விக்கெட்

மலேசியா போகிறேன் என்றதும் அப்பா கேட்டது ஒரே கேள்விதான். "அங்க என்னப்பா வேலை?"

"ஒரு பையன் கிரிக்கெட்ல அவுட் ஆகுறான். அது சரியா இல்லையான்னு பாக்கணும்."

"அதுக்கு அம்பயர் இருப்பாரே?"

அப்பா சிமென்ட் குடோனில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தவன் நான். புள்ளியியல் படித்து, சென்னையில் ஒரு சின்ன அலுவலகத்தில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களுக்கு மதிப்பெண் போடும் வேலையில் இருக்கிறேன். ஒருவன் ஐம்பது அடித்தான் என்பது எங்களுக்குப் பெரிய செய்தி இல்லை. எத்தனை விக்கெட் கையில் இருக்கும்போது, எத்தனை ஓவர் பாக்கி இருக்கும்போது அடித்தான், அதே இடத்தில் சாதாரண ஆள் எவ்வளவு அடித்திருப்பான் என்று கணினி கணக்குப் போடும். அதற்கு மேல் அடித்தால் மதிப்பு ஏறும். தேவையில்லாமல் அவுட் ஆனால் சரசரவென்று இறங்கும். இதையெல்லாம் அப்பாவுக்கு விளக்கிப் பார்த்தேன். "ஆக, ஆடுறவன் ஒருத்தன், மார்க் வாங்குறவன் ஒருத்தனா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் புதிதாகத் தொடங்கும் ஒரு போட்டிக்கு, மலேசியாவின் கிள்ளான் நகரத்தைச் சேர்ந்த தினேஷ் என்ற மட்டையாளரை எடுக்கலாமா என்று ஓர் அணி எங்களிடம் கேட்டிருந்தது. சம்பளம் உள்ள ஆட்டம். தினேஷ் துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், வார இறுதி லீக்கில் ஆடுகிறவன். அந்த ஆட்டங்களை யாரோ கைபேசியில் பிடித்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். பந்து பந்தாகப் பார்த்துக் கணினிக்குக் கொடுத்தோம். ஆரம்பமெல்லாம் அழகு. அவசரம் கிடையாது, தலை ஆடாது. ஆனால் துரத்தும் ஆட்டங்களில், கை நிறைய விக்கெட் இருந்து, கொஞ்சம் பொறுத்தால் வெற்றி என்று கணினியே சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில், திடீரென்று பேய் பிடித்தவன் போல மட்டையைச் சுழற்றி அவுட் ஆவான். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. அவன் அவுட் ஆன கொஞ்ச நேரத்தில் வீடியோவும் அறுந்துபோகும்.

"சூதுதான்," என்றார் என் மேலாளர் கோபி சார். "இந்த ஓவர்ல அவுட் ஆகுறேன்னு பந்தயக்காரன்கிட்ட வாக்கு குடுத்திருப்பான். டீம் ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன?"

"மழையா இருக்குமோ சார்? அங்க சாயங்காலமானா மழை வருமாம்."

"மழை வர்ற நேரத்துல விக்கெட்ட காப்பாத்துவானா, தூக்கிக் குடுப்பானா? யோசிச்சுப் பேசு."

அவர் சொன்னது சரி. மழையால் ஆட்டம் பாதியில் நின்றால், கையில் எத்தனை விக்கெட் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் சர்வதேச ஆட்டங்களில் வெற்றி தோல்வியைக் கணக்கிடுவார்கள். வானம் கறுக்கும்போது விக்கெட்டைக் கொடுப்பவன் சொந்த அணியின் கழுத்தை அறுக்கிறான். ஆகவே மழை என்றால் சந்தேகம் குறையாது, கூடும்.

"நேர்ல போய்ப் பாரு. நீ யாருன்னு சொல்லிக்காத," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை இறங்கினேன். முதல் விமானப் பயணம். குடிநுழைவு அதிகாரியான மலாய்க்காரப் பெண், எதற்கு வந்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிரிக்கெட் பார்க்க என்றேன். அவர் முத்திரையைக் குத்தாமல் என்னையே பார்த்தார். "எங்கள் நாட்டில் எல்லோரும் பேட்மின்டன் பார்ப்பார்கள்," என்றார். என்னைச் சந்தேகப்பட்ட முதல் ஆள் அவர்தான். அதற்குப் பிறகு அந்த வேலையை முழுக்க நானே எடுத்துக்கொண்டேன்.

தங்கியது தலைநகரில், தமிழர்கள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில். தெருவில் இறங்கினால் பூக்கட்டும் கடை, பாத்திரக் கடை, சேலைக் கடை. ஊரை விட்டு வந்ததாகவே தோன்றவில்லை, சாலையைக் கடக்கும் வரை. நம் ஊரில் கையைக் காட்டிவிட்டு நடப்போம். இங்கே நான் கையைக் காட்டினேன், ஒரு கார் நின்றேவிட்டது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, "எங்க போகணும் பாஸ்?" என்றார். வாடகைக் கார் என்று நினைத்து நிறுத்தினேன் போலும் என்று அவர் நினைத்துக்கொண்டார். எதற்கு இவ்வளவு அக்கறை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மதியம் வாழையிலைச் சாப்பாடு. அப்பளத்தைக் கூடையோடு கொண்டுவந்து, கேட்காமலே அள்ளி வைத்தார் பரிமாறியவர். தீர்ந்ததும் மறுபடி வைத்தார். இதற்குத் தனிக் காசா என்று மெதுவாகக் கேட்டேன்.

"அப்பளத்துக்கா? எங்கேருந்து வரீங்க?"

"மெட்ராஸ்."

"அதான் பயப்படுறீங்க. சாப்பிடுங்கண்ணே, இது உங்க ஊரு சாப்பாடுதான். கொஞ்சம் தாராளமா போடுவோம், அவ்வளவுதான் லா."

பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டுவது அந்த ஊர்ப் பழக்கம். ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தது, மீன் குழம்பில் புளி குறைவு. இரண்டுமே நன்றாக இருந்தன. ஆனாலும் வெளியே வரும்வரை கணக்கில் ஏதோ ஏற்றிவிடுவார்கள் என்றே காத்திருந்தேன். ஏற்றவில்லை.

சனிக்கிழமை கிள்ளானுக்கு ரயில். வந்து நின்ற பெட்டி காலியாக இருந்ததால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். எதிரே இருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் யாரென்று தெரிந்துவிட்டதோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அடுத்த நிலையத்தில் சீருடைக்காரர் ஒருவர் ஏறி மலாயில் ஏதோ சொன்னார். முக்காடிட்ட ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார்: "இது பெண்கள் பெட்டி. நீங்கள் ரோஜா நிறத்தைப் பார்க்கவில்லையா?" பெட்டி முழுக்க ரோஜா நிறம்தான். உளவு பார்க்க வந்தவன் லட்சணம் அது.

திடல் கிள்ளான் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, பண்டமாரான் பக்கம். ஒரு பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை, இன்னொரு பக்கம் லாரிகள் நிற்கும் இடம். கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அக்கா வடை சுட்டுக்கொண்டிருந்தார். ஒரு வடையும் ஒரு தே ஓ ஐஸும் வாங்கிக்கொண்டு, எல்லைக் கோட்டோரம் உட்கார்ந்தேன். தே ஓ ஐஸ் என்பது பால் இல்லாத தேநீரில் பனிக்கட்டி. இரண்டாவது வாய் குடித்ததும் இதை ஏன் நம் ஊரில் கண்டுபிடிக்கவில்லை என்று கோபம் வந்தது.

"எங்கேருந்து தம்பி?" என்றார் அக்கா.

"மெட்ராஸ். சும்மா சுத்திப் பாக்க வந்தேன்."

"சும்மா சுத்திப் பாக்க பண்டமாரானா? இரட்டைக் கோபுரத்துக்கு என்ன வந்துச்சு?"

இன்னொரு வடை வாங்கினேன்.

தினேஷின் அணி இரண்டாவதாக ஆடியது. நேரில் அவன் இன்னும் நன்றாக ஆடினான். கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினேன். எனக்குச் சற்றுத் தள்ளி, வெயிலுக்கு மஞ்சள் குடை பிடித்த பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். அவர் ஆட்டத்தைப் பார்த்ததைவிடக் கைபேசியைப் பார்த்ததுதான் அதிகம். பந்தயக்காரன் இப்படித்தான் இருப்பான் என்று எனக்கு உடனே பட்டது.

கொஞ்ச நேரத்தில் அவருக்கு அழைப்பு வந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஆங், சொல்லு... நல்லாவா?... எவ்வளவு நேரத்துல?... சரி சரி, நான் சொல்லிடுறேன்."

குடையை மடக்கினார். கொட்டகைக்கு நடந்தார். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்த கேப்டனின் காதில் ஏதோ சொன்னார். கேப்டன் சேகர், கட்டை குட்டையான ஆள், லாரி ஓட்டுநர். எழுந்து நின்று தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சருகே பிடித்துக்கொண்டார். ஆடுகளத்தில் நின்ற தினேஷ் அதைப் பார்த்தான்.

அதுவரை நிதானமாக ஆடியவன், அடுத்த பந்துக்கு இறங்கி வந்து ஒரு சிக்ஸர் அடித்தான். பிறகு ஒரு நான்கு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று. பந்து செங்குத்தாக மேலே போய், காத்திருந்தவன் கையில் விழுந்தது.

அழைப்பு, தொப்பி, அவுட். எல்லாம் என் கைபேசியில் இருந்தது. அதைவிட ஒன்று: தேவையில்லாமல் அவுட் ஆகித் திரும்பியவனை யாரும் திட்டவில்லை. கேப்டன் முதுகில் தட்டினார். குடைக்காரர் கைதட்டினார். ஆக, முழு அணியும் இதில் கூட்டு.

அதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருக்கப் பயமாக இருந்தது. ஆட்டம் முடியும் முன்பே கிளம்பினேன். ரயில் நகரும்போது மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழைக்குத் தூறல், சாரல் என்று முன்னுரை உண்டு. இங்கே எடுத்த எடுப்பிலேயே கொட்டுகிறது. மழைக்கு முன்னால் விக்கெட்டைக் கொடுத்திருக்கிறான், பாவி, என்று நினைத்துக்கொண்டேன். வெளிநாட்டுக்குப் போய் நாலு காசு பார்க்க வேண்டியவன்.

கோபி சாரை அழைத்தேன். "சார், கிடைச்சிருச்சு."

"வீடியோ அனுப்பு."

"நாளைக்கு அரையிறுதி இருக்கு சார். இன்னொரு தடவை பிடிச்சிட்டேன்னா யாரும் மறுக்க முடியாது. ரெண்டையும் சேர்த்து அனுப்புறேன்."

"சரி. அவங்க பட்டியல் திங்கக்கிழமை மூடுது. அதுக்குள்ள சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பெட்டியைத் தவிர்த்து, நெரிசலில் நின்றபடியே போனேன். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் இறங்கித் தோசை சாப்பிட்டேன். சாம்பாரில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார்கள். அதையும் சந்தேகத்தோடுதான் சாப்பிட்டேன், ஆனால் மிச்சம் வைக்கவில்லை. திடலுக்குப் போனபோது ஆட்டம் தொடங்கியிருக்கவில்லை. வடைக்கார அக்கா கண்ணாலேயே என்னை யாருக்கோ காட்டினார். தினேஷ் நேராக என்னிடம் வந்தான். காலில் பேட் கட்டவில்லை, கையில் ஒரு பொட்டலம்.

"அண்ணே, பசியாறிட்டீங்களா? நாசி லெமாக் இருக்கு."

"ஆச்சு."

"நீங்கதானே அந்தக் கம்பெனி ஆளு?"

"எந்தக் கம்பெனி?"

"உங்களுக்குப் பொய் சொல்ல வரல லா அண்ணே. நேத்து நான் ஆடுறப்ப மட்டும் போன தூக்கிப் பிடிச்சீங்க. நான் அவுட் ஆனதும் பாக்கெட்ல போட்டீங்க. முருகையா அங்கிள் பாத்துட்டாரு." அவன் காட்டிய திசையில் மஞ்சள் குடை நின்றது. "யாராச்சும் வந்து பாப்பாங்கன்னு என்னை எடுக்கலாமான்னு பாக்குற டீம்ல ஏற்கெனவே சொல்லியிருந்தாங்க. நான் வெள்ளக்காரன் வருவான்னு நினைச்சேன்."

மறுத்துப் பயனில்லை என்று தெரிந்தது. தலையை ஆட்டினேன்.

"என்னண்ணே பாப்பீங்க? எத்தன சிக்ஸருன்னா?"

எச்சரித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. "சிக்ஸர் இல்ல. விக்கெட்ட எப்படி வச்சுக்கிறேன்னு. தேவையில்லாம விட்டா எங்க கணக்குக்குத் தெரிஞ்சிரும். யார் சொல்லி விட்டேங்கிறதுகூடத் தெரிஞ்சிரும்."

பின்பாதி பொய். கணினிக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் அவன் முகம் மாறியது. மாட்டிக்கொண்ட பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்ப நின்னு ஆடணும்," என்றான்.

"ஆமா."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனான். அவன் போனபிறகு பிரித்துச் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, காரமான சம்பால். லஞ்சமாக இருக்குமோ என்ற எண்ணம் பாதி சாப்பிட்ட பிறகுதான் வந்தது.

எதிரணி காஜாங்கிலிருந்து வந்தவர்கள். முதலில் ஆடி நல்ல எண்ணிக்கை எடுத்தார்கள். தினேஷின் அணி வழக்கம்போல மெதுவாகத் தொடங்கியது. பாதி ஆட்டம் போயிருக்கும். முருகையா அங்கிளின் கைபேசி அடித்தது. பேசினார். குடையை மடக்கினார். கொட்டகைக்கு நடந்தார். கேப்டன் எழுந்தார். தொப்பி கழன்றது.

தினேஷ் தொப்பியைப் பார்த்தான். பிறகு எல்லைக் கோட்டோரம் என்னைப் பார்த்தான். அடுத்த பந்தை மெல்லத் தட்டி ஒரு ரன் ஓடினான்.

கேப்டன் தொப்பியை உயர்த்திக் காட்டினார். அடுத்த ஓவரிலும் ஒன்று, இரண்டு என்று தட்டல்தான். "டேய் தினேஷ்! கண்ணு போச்சா?" என்று யாரோ கத்தினார்கள். "அடிடா! அடிச்சுத் தொலைடா!" எதிர்முனையில் இருந்தவன் தூக்கி அடித்து அவுட் ஆனான். அடுத்து வந்தவனும் அப்படியே. தினேஷ் மட்டும் பாடப் புத்தகத்தில் இருப்பது போல ஆடினான். தரையோடு தரையாக, கெட்ட பந்துக்கு மட்டும் நான்கு.

சூதாட்டக்காரர்கள் சொன்னபடி அவன் ஆடவில்லை, அவர்கள் பதறுகிறார்கள், என்று நினைத்தேன். என் ஒரு வார்த்தை ஒரு பையனைத் திருத்திவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது லாரிகளுக்குப் பின்னால் வானம் கறுத்து, காற்று திரும்பி, மழை திடலின் அந்தப் பக்கத்திலிருந்து சுவர் போல நடந்து வந்தது. நடுவர்கள் ஸ்டம்பு மேலிருந்த பெயில்களை எடுத்தார்கள். எல்லோரும் கொட்டகைக்கு ஓடினோம். ஓடும்போதே மனக்கணக்குப் போட்டுவிட்டேன். கையில் ஆறு விக்கெட். எங்கள் கணக்கில் கிள்ளான் முன்னால் இருந்தது.

கொட்டகைக்குள் நனைந்து நின்ற முருகையா அங்கிளின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். இவர் மோசமான ஆளாகவே இருக்கட்டும், ஊர் ஜெயித்ததில் சந்தோஷம் இருக்கும் அல்லவா? "ஜெயிச்சிட்டீங்க அங்கிள்!"

அவர் கையை உருவிக்கொண்டார்.

வெளியே, கொட்டும் மழையில், காஜாங் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். ஏன் குதிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

"ஆறு விக்கெட் கையில இருக்கே?" என்றேன், பொதுவாக.

கேப்டன் சேகர் திரும்பினார். "விக்கெட்டா? மிச்ச விக்கெட்ட வச்சு என்ன பண்றது, சூப்பு வைக்கிறதா?"

"இல்ல, மழை விதில விக்கெட்டையும்..."

"எந்த விதி? இங்க மழை வந்தா ஓவருக்கு எத்தன ரன்னுன்னு பாப்பாங்க. யாருக்குக் கூட இருக்கோ அவன் ஜெயிச்சான். ஒரு விக்கெட் போனாலும் ஒண்ணுதான், ஒம்பது போனாலும் ஒண்ணுதான். நான் பையனா இருந்த காலத்துலேருந்து அப்படித்தான்." ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இப்ப ரெண்டே ரன் கம்மி. ரெண்டு ரன்!"

"அப்ப அந்த போன்?" என்றேன்.

"என் மகளு பக்கத்து ஊரு ஷா ஆலாம்ல வேலை செய்யுது," என்றார் முருகையா அங்கிள். "மழை இங்க வர்றதுக்கு முன்ன அநேகமா அங்க வந்துரும். வந்ததும் கூப்பிட்டுச் சொல்லும். நான் சேகர்கிட்ட சொல்லுவேன், சேகர் தொப்பிய எடுப்பான், இவனுங்க அடிப்பானுங்க. அவுட் ஆனா ஆவுறான், ரன் ஏறுனா போதும். நேத்து அப்படித்தான ஜெயிச்சோம்? நீங்கதான் பாதியில ஓடிட்டீங்க."

வீடியோ ஏன் அறுந்துபோகும் என்றுகூட நான் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டிருந்தவர், நனைந்த கைபேசியைச் சட்டையில் துடைத்தபடி என் முன்னால்தான் நின்றிருந்தார்.

சென்னையில் நாங்கள் எல்லோரும் படித்தவர்கள். காற்றின் வேகத்தைக்கூடக் கணக்கில் சேர்த்திருந்தோம். இந்த லீக்கின் மழை விதி என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. உலகம் முழுக்க ஒரே விதி என்று நினைத்துவிட்டோம்.

கேப்டன் மூலையில் உட்கார்ந்திருந்த தினேஷிடம் போனார். "வருஷா வருஷம் அரையிறுதியோட வீட்டுக்குப் போறோம். இந்த வருஷம் மழை நம்ம பக்கம் இருந்துச்சு. யாருடா சொன்னா உன்ன நின்னு ஆடச் சொல்லி?"

தினேஷ் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல. நானாத்தான்."

"நான்தான் சொன்னேன்," என்றேன். எதற்காக வந்தேன் என்பதையும் சொன்னேன், சூது என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு.

சேகர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடித்துவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் கோபம் என்மேல் நிற்கவில்லை. "அவரு வெளியூர்க்காரரு, அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? என் தொப்பி தெரிஞ்சிச்சா இல்லையா?"

"தெரிஞ்சிச்சு."

"போதும்." மட்டைப் பைகளைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே வேனுக்கு நடந்தார். மற்றவர்கள் பின்னால் போனார்கள். தினேஷுக்கு வேனில் இடம் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை, அவனும் போகவில்லை.

திங்கட்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸுக்குத் தன் காரில் வந்தான். வேலைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தான். விமான நிலையத்தில் விட்டுவிடுவதாகச் சொன்னான். இவனுக்கு என்னிடம் என்ன வேண்டியிருக்கிறது என்று தோன்றியது. பழக்கம் சுலபத்தில் போகாது. வழியில் ரொட்டி சானாய் சாப்பிட நின்றோம். நம் பரோட்டாவைவிட மெல்லிசு, சால்னாவுக்குப் பதில் பருப்பு. கல்லில் போடும் சத்தம் மட்டும் அதே சத்தம்.

அங்கே வைத்துத்தான் முழு உண்மையைச் சொன்னேன். அவன் சூதாடுகிறான் என்று நாங்கள் நினைத்தோம் என்றேன். சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான்.

"நானா? காசு வாங்கிட்டா?"

"நான் எடுத்த வீடியோவெல்லாம் அழிச்சிட்டேன்."

"நேத்தே சேகர் அண்ணன்கிட்ட விதி என்னன்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

"ஆமா."

"எனக்கும் தோணுச்சு, சொல்லணும்னு. ஆனா உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு விட்டுட்டேன். மெட்ராஸ்லேருந்து வந்த ஆளு." ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான், வாயில் போடவில்லை. "பொய் சொல்லக் கூடாதுண்ணே. தெரியும்னு நினைச்சு மட்டும் இல்ல. ஒரு தடவ எனக்காக ஆடிப் பாப்போம்னு இருந்துச்சு."

கோபி சார் அழைத்தார். விதியைப் பற்றி ஞாயிறு மாலையே சொல்லியிருந்தேன். அவர் பார்க்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். இப்போது நேராக விஷயத்துக்கு வந்தார். "பழைய ஆட்டத்தையெல்லாம் அந்த ஊர் விதிப்படி திருப்பிப் போட எவ்வளவு நாள் ஆகும்?"

"ஒரு வாரமாவது வேணும் சார்."

"இன்னிக்கி மூடுறாங்க. பழைய மார்க்க மட்டும் வச்சா பையன் தேறமாட்டான். நேத்து ஆட்டம் நெட்ல ஏறியிருக்கு, அத சேர்த்தா தாராளமா தேறுவான். ரொம்ப அழகா ஆடியிருக்கான்டா, மெஷின் சொக்கிப் போச்சு. சேர்க்கவா?"

"அந்த ஆட்டத்துலதான் சார் அவனால அவங்க தோத்தாங்க."

"மெஷினுக்கு அது தெரியாதுல்ல? சேர்க்கவா வேணாமா? நீதான் பாத்த ஆளு. நீ சொல்றத எழுதுறேன்."

அழைப்பை நிறுத்தி வைத்துவிட்டு தினேஷிடம் அப்படியே சொன்னேன். பழைய ஆட்டங்கள்தான் அவன் ஒழுங்காக ஆடியவை, அவற்றுக்கு மதிப்பெண் இல்லை. நேற்றைய ஆட்டத்துக்கு இருக்கிறது. அதைச் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை என்றும் சொன்னேன்.

அவன் கைபேசியை மேசைமேல் என் பக்கம் திருப்பி வைத்தான். அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவனை நீக்கியிருந்தார்கள். காலையில்தான் போலிருக்கிறது.

"சேருங்கண்ணே," என்றான். "அந்த ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு குடுத்தாச்சு. அதுவும் சும்மா போச்சுன்னா நான் எங்க போய் நிக்கிறது?"

"கிடைக்கலன்னா?"

"அடுத்த சனிக்கிழமை பைய தூக்கிக்கிட்டுப் போய் நிப்பேன். திட்டுவாங்க, வாங்கிக்குவேன். கிடைச்சாலும் போய் நிப்பேன். அது வேற."

கோபி சாரிடம் சேர்க்கச் சொன்னேன்.

விமான நிலையத்தில் இறங்கும்போது பையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவ வந்தா லேடிஸ் பெட்டியில ஏறாதீங்கண்ணே," என்றான். அதை நான் அவனுக்குச் சொன்னதே இல்லை. வடைக்கார அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அந்த ஊரில் செய்தி மழையைவிட வேகமாகப் போகிறது.

பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும்போது கோபி சாரின் செய்தி வந்தது. இரண்டே வரி.

"எடுத்துக்கிட்டாங்க. சொந்த விக்கெட்டை மதிக்கிற பையன், டீமுக்கு நம்பகமான ஆளுன்னு ரொம்பப் பாராட்டினாங்க."

முன்னால் இருந்தவர் நகர்ந்தார். பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டேன். கைபேசியைப் போடுவதற்கு முன், முதல் வரியை மட்டும் தினேஷுக்கு அனுப்பினேன்.